வெள்ளி பூசிய நான்கு சில்லுகள்

எனக்கு இன்னும் ஓய்வு பெறும் வயதாகவில்லை. நுரையீரல்தான் முந்திக்கொண்டது. பெயின்ற் புகைக்குள் இனி நிற்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வருகிற மாதத்திலிருந்து நான் தொழில்நுட்பக் கல்லூரியில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பேன். இந்தப் பூச்சுப் பட்டறையில் என் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். துருவை எப்படி எடுப்பது, தூள் பூச்சை எந்தச் சூட்டில் வேகவைப்பது, எதை எப்போது தொடக் கூடாது என்பதெல்லாம் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்தான். இலக்கம் போட்டு எழுதாவிட்டால் எனக்கு மனம் அமைதியாகாது.

சுவரில் ஒட்ட முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. அது பயம். இந்தத் தொழிலில் பயப்பட வேண்டிய இடம் எது, பயந்தபடியே வாயைத் திறக்க வேண்டிய இடம் எது என்பதை நான் ஒரே ஒரு காலையில்தான் கற்றுக்கொண்டேன். அதை உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருடம் படிப்பை முடித்துப் புளியந்தீவிலுள்ள இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். முற்றமெல்லாம் கடலெடுத்த வாகனங்களின் சக்கரச் சில்லுகள் குவிந்து கிடந்தன. கழுவித் தேய்த்து மேலே பூசினால் புதிதுபோலவே மின்னும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் பூச்சுக்கு அடியிலிருந்து கொப்புளம் கொப்புளமாகத் துரு எழும்பும். இரும்பின் குழிகளுக்குள் உப்பு தங்கியிருந்தால் மேலே என்ன பூசினாலும் அது உள்ளே இருந்து தின்றுகொண்டே இருக்கும்.

வாகனக்காரர்களுக்கு உப்பைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கடலுக்குள் போன உடல்களை நினைத்து எங்கள் பக்கத்தில் மீன் தின்பதையே விட்டவர்கள் இருந்தார்கள். கடலெடுத்த வாகனத்தில் ஏறவும் பலருக்குப் பயம். அலை வந்தபோது அதற்குள் யார் இருந்தார்களோ, யாருக்குத் தெரியும்? அதனால் பட்டறைக்கு வருபவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "கடல் தொட்ட அடையாளம் தெரியப்படாது."

யுத்தத்தின் பயம் வேறு. நிறம் மாற்றுவதற்காக வந்து நிற்கும் வாகனம் யாருடையது, எங்கே போய்விட்டு வருகிறது என்று நாங்கள் கேட்பதில்லை. பட்டறையை நடத்திய எங்கள் பாஸ் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். இரும்பு வேலை அவருடைய குடும்பத் தொழில். வேலைக்கு நடுவே பாட்டும் பகிடியுமாக இருப்பார். ஆனால் வாசலில் ஒரு ஜீப் மெதுவாகப் போனாலும் அவருடைய பாட்டு நின்றுவிடும். "கண்டதச் சொல்லாத, மகள்" என்பார். "கேட்டா மட்டும் சொல்லு. கேட்டாலும் பாதிதான் சொல்லு." அந்த விதி எங்கள் எல்லோரையும் உயிரோடு வைத்திருந்தது. அதனால்தான் அதை மீறுவது எனக்கு அவ்வளவு கடினமாக இருந்தது.

யுத்தம் முடிந்த வருடம் அது. வன்னியில் அகப்பட்டிருந்த சனங்களை வவுனியாப் பக்கத்து முகாம்களில் அடைத்திருந்தார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று இங்கே ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. எங்கள் செட்டிபாளையத்தில் பூமணி அக்காவின் மகள் கலா கிளிநொச்சிப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவள். போர் முற்றியபின் அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிறகு யாரோ ஒருவர், முகாமில் தண்ணீர் வரிசையில் அவளைப் போல ஒருத்தியைக் கண்டதாகச் சொன்னார். அவளைப் போல. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பூமணி அக்கா அலைந்து அலைந்து, முகாமுக்குப் போய்ப் பார்க்க அனுமதி எடுத்தார். அவரைப் போலவே பிள்ளைகளையும் சகோதரங்களையும் தேடும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அனுமதி அந்த ஒரு நாளுக்கு மட்டும். தவறவிட்டால் மறுபடி எப்போது என்று சொல்ல ஆளில்லை. முகாமில் இருப்பவர்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களைக் கொண்டுபோக முன்வந்தவர் எங்கள் ஊர் யோகண்ணன். அவரிடம் ஒரு வெள்ளை வேன் இருந்தது. தெற்கில் ஓடிய வேன், மலிவாக வாங்கினேன் என்று சொல்லியிருந்தார். பயணத்துக்காக மேலே சாமான் கட்டும் தட்டையும் ஏறும் படியையும் எங்களிடம் பூசக் கொடுத்தார். சில்லுகளையும் கழற்றித் தாருங்கள் என்று கேட்டேன்.

"அது நாலையும் நானே அடிச்சிட்டன் புள்ள. வெள்ளிக் கலர். உங்கட பாசுக்கு ஒரு வேல மிச்சம்" என்று சிரித்தார்.

புறப்படும் நாள் காலை தட்டின் ஆணிகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதற்காகக் கோயிலடிக்குப் போனேன். வேலைக்குப் போகும் வழிதான். பயணத்தில் எனக்கு இடமில்லை. பூமணி அக்கா ஒரு புதுச் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கலாவுக்காகத் தைத்தது. அளவு தெரியாமல் பழைய அளவிலேயே தைத்திருந்தார். தட்டில் அரிசி, மா, மருந்து எல்லாம் ஏறியிருந்தன.

வேன் உண்மையிலேயே அழகாக இருந்தது. யோகண்ணன் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் சில்லுகளைத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார். நான்கு சில்லுக்கும் கீழே, ஏறி நசுக்கத் தேசிக்காய் வைத்தார்கள். ஐயர் தீபம் காட்டி ஒவ்வொரு சில்லிலும் மூன்று விரலால் திருநீறு பூசிக்கொண்டு போனார். நான் கடைசி ஆணியை இறுக்கிவிட்டுப் பின்பக்கத்து இடது சில்லுக்கு அருகே இறங்கினேன்.

திருநீற்றில் ஒரு கோடு இருந்தது. தலைமயிர் அளவுக் கோடு. நட்டுத் துளையிலிருந்து காற்றுத் துவாரம் வரைக்கும். வெள்ளையில் கருப்பாக.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு சோதனை காட்டித் தந்திருந்தார்கள். வெடிப்பு இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் இரும்பில் மண்ணெண்ணெயைத் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூள் பூச வேண்டும். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் மெதுவாக மேலே கசிந்து தூளில் கோடு கீறும். யோகண்ணன் அழகுக்காக மண்ணெண்ணெய் போட்டார். ஐயர் கடவுளுக்காகத் திருநீறு போட்டார். இருவருக்கும் தெரியாமல் சோதனை நடந்து முடிந்துவிட்டது.

விரலால் அழித்தேன். ஐயர் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மீண்டும் பூசினேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு திரும்பி வந்தது.

என் தலை அந்த நேரத்திலும் இலக்கம் போட்டது. ஒன்று, இது பெயின்றில் மட்டும் விழுந்த வெடிப்பாக இருக்கலாம். இரும்பு நன்றாக இருக்கலாம். இரண்டு, இரும்பே வெடித்திருந்தால் ஆட்களும் சாமானும் ஏறிய பாரத்தில் வெலிக்கந்தைக் காட்டுப் பாதையில் சில்லு கழன்று போகும். மூன்று, நான் வாயைத் திறந்து அது பிழையாகிவிட்டால் இந்தத் தாய்மாரின் ஒரே நாளை நான்தான் தின்றுவிட்டேன் என்று ஆகும். நான்காவதாகப் பாஸின் குரல் கேட்டது. கண்டதச் சொல்லாத, மகள்.

ஐயர் மணியை எடுத்தார். சனங்கள் ஏறத் தொடங்கினார்கள்.

"யோகண்ணன், கொஞ்சம் நில்லுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இந்தச் சில்லக் கழட்டிப் பாக்கோணும்."

"என்ன புள்ள, விளையாடுறியா?"

"கோடு விழுந்திரிக்கி அண்ணன். வெடிப்பாயிருக்கலாம்."

வேனுக்குள் முன்வரிசையில் இடம் பிடித்திருந்த சீனித்தம்பி அண்ணர் தலையை நீட்டினார். தம்பியைத் தேடிப் போகிறவர். "பூசை முடியக்குள்ள வாற கதையப் பாரு! வெள்ளன எழும்பி வந்தது இதுக்குத்தானா? படிச்ச புள்ளையளுக்குத் திருநீறும் வெடிப்பாத்தான் தெரியும்."

யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தி, "அபசகுனமாப் பேசாத கா" என்று அதட்டினாள். யோகண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சில்லைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அவர் எதையோ மூடிப் பூசியிருக்கிறார் என்று அந்தப் பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணன், இதுக்குக் கீழ பட்டி பூசினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். வாகனத்தின் உடம்பில் நசுங்கிய இடங்களை மட்டமாக்கப் பூசும் பசைதான் பட்டி. கதவில் பூசலாம். பாரம் சுமக்கும் சில்லில் பூசவே கூடாது.

அவர் குந்தி இருந்து நட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினார். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சில்லை இறக்கினோம். கோயிலில் தேங்காய் வெட்டும் கத்தியை வாங்கி நான் அந்த இடத்தைச் சுரண்டினேன். வெள்ளி நிறம் அப்பளம்போலப் பெயர்ந்தது. அதற்குக் கீழே பட்டி. பட்டிக்குக் கீழே ஈரமான மண்ணிறத் துரு, அதில் ஒட்டிய வெள்ளை மணல். மணலைத் தள்ளியதும் வெடிப்புத் தெரிந்தது. கத்தி நுனி உள்ளே இறங்கியது.

சீனித்தம்பி அண்ணர் இறங்கி வந்து குனிந்து மணலை விரலில் எடுத்தார். "இது கடல் மண்ணல்லவா" என்றார். பிறகு நிமிர்ந்தார். "டேய் யோகன், இது கடலெடுத்த வேனாடா?"

யோகண்ணன் தலையைக் குனிந்தபடியே சொன்னார். "வாவிக்கரைக் கண்ணா மரத்துக்குள்ள செருகிக் கிடந்தது. ரெண்டு கதவும் திறந்து கிடந்தது. உள்ளுக்கு ஒருத்தரும் இல்லண்ண. சத்தியமா ஒருத்தரும் இல்ல. சொன்னா ஆரும் ஏறமாட்டியள் எண்டுதான் மறைச்சன். குழிகுழியாக் கிடந்திச்சி, அடைச்சன். வெடிப்பு எண்டு எனக்குத் தெரியா."

ஏறியிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருத்தி தன் பையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணிலேயே இருந்துவிட்டாள். அவளுடைய அக்காவை அந்த அலை எடுத்தது ஊருக்கே தெரியும். வெடிப்பைக் காட்டியது நான். ஆனால் அதோடு சேர்த்து வெளியே வந்தது வேறொன்று. அதை எந்தக் கத்தியாலும் திருப்பி உள்ளே தள்ள முடியாது.

அப்போதுதான் பூமணி அக்கா பேசினார். அவர் வேனிலிருந்து இறங்கவேயில்லை. படியில் நின்றபடி, சட்டையை அணைத்தபடி சொன்னார்:

"கடல் எடுத்தது சரி. கடல் விட்டதுந்தானே? விட்டதில ஏறிப் போவம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "புள்ள, மற்றச் சில்லுகளப் பாரு. எது நல்லம் எண்டு நீ சொல்லு."

கீழே குந்தியிருந்த எனக்கு அந்த "நீ சொல்லு" கழுத்தில் கை வைத்தது போலிருந்தது.

வேனுக்கு அடியில் கல் அடுக்கி, மீதி மூன்று சில்லுகளையும் கழற்றினோம். கோடு வரவில்லை என்பதை மட்டும் வைத்து நல்லது என்று சொல்ல முடியாது. பட்டி தடிப்பாக இருந்தால் வெடிப்பை மூடிவிடும். எனவே நட்டுத் துளைகளைச் சுற்றி எல்லாவற்றையும் இரும்பு தெரியும்வரை சுரண்டச் சொன்னேன். யோகண்ணன் தான் ஆசையாகப் பூசிய வெள்ளியைத் தன் கையாலேயே சுரண்டினார். ஒரு முறைகூட முகத்தைத் தூக்கவில்லை. பிறகு மண்ணெண்ணெய். பிறகு துடைத்தல். பிறகு ஐயரின் தட்டிலிருந்து திருநீறு.

அந்தக் காத்திருப்பைத்தான் உங்களால் கற்பனை செய்ய முடியுமோ தெரியவில்லை. படுத்துக் கிடக்கும் மூன்று சில்லுகள். அவற்றைச் சுற்றிக் குந்தியிருக்கும் தாய்மார். எல்லோர் கண்ணும் வெள்ளைத் தூளில். ஒருத்தி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். "மூச்சு விடாதிங்க, பறந்திரும்" என்று சீனித்தம்பி அண்ணரே அதட்டினார்.

கோடு வரவில்லை. ஒன்றிலும் வரவில்லை.

மேலதிகச் சில்லு வேனின் அடியில் தொங்கியது. அதற்கு யாரும் பூசியிருக்கவில்லை. துருப்பிடித்து, சேறு காய்ந்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்தேன். துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. குழிகள் ஆழமில்லை. எண்ணெய் போட்டேன், திருநீறு போட்டேன், காத்திருந்தேன். சுத்தமாக இருந்தது. ஒளிக்க எதுவும் இல்லாத சில்லு. அதை வெடித்த சில்லின் இடத்தில் பூட்டினோம்.

"சரி. போகலாம்" என்றேன்.

"போகலாம் எண்டா?" என்று சீனித்தம்பி அண்ணர் கேட்டார். "நீ வேலைக்குப் போவாய். நாங்க இதில போவம். நல்ல கதை."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் ஒருவரும் ஏறவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் பைக்குள் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் ஒரு பொட்டலம் திருநீற்றையும் துணியையும் வைத்துக்கொண்டு ஏறினேன். பின்வரிசையில், அந்தச் சில்லுக்கு நேர் மேலே இருக்கும் மூலையில் போய் இருந்தேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஏறினார்கள்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பாதையில் ஒவ்வொரு குழியிலும் என் முதுகெலும்புக்குள் அந்தச் சில்லின் சத்தம் கேட்டது. நான் ஒரு சோதனை செய்தேன். உத்தரவாதம் என்று ஒன்றும் கையில் இல்லை. யோகண்ணனை மெதுவாகவே ஓட்டச் சொன்னேன். நிற்கும் இடமெல்லாம் இறங்கி நட்டுகளைப் பார்த்தேன், துடைத்தேன், திருநீறு பூசினேன்.

காட்டு வழியிலிருந்த ஒரு சோதனைச் சாவடியில் அப்படிக் குந்தியிருந்தபோதுதான் ஒரு நிழல் விழுந்தது. துப்பாக்கியோடு ஒரு ஆமிக்காரன்.

"மே மொனவாத?"

இது என்ன என்று கேட்கிறான். அவன் பார்வை என் கையிலிருந்த வெள்ளைத் தூளிலும் பக்கத்திலிருந்த போத்தலிலும் மாறி மாறி விழுந்தது. போத்தலை எடுத்து முகர்ந்தான். அந்த வருடத்தில், ஒரு தமிழ்ப் பெட்டை, வாகனத்தின் அடியில், எண்ணெய் மணக்கும் போத்தலும் தூளும். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் நாக்கை விட்டுப் போய்விட்டது. கேட்டால் பாதி சொல்லு என்று பாஸ் சொல்லியிருந்தார். எந்தப் பாதியை?

பூமணி அக்கா வேனை விட்டு இறங்கி வந்தார். என் கையிலிருந்த தூளைத் தொட்டுத் தன் நெற்றியில் பூசினார். பிறகு என் நெற்றியில். பிறகு சில்லில். அந்தப் பெடியன் அவர் முகத்தையே பார்த்தான். வயது கலாவை விடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். போத்தலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

வேன் நகர்ந்த பிறகுதான் பூமணி அக்கா மடியிலிருந்த சட்டையை மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

முகாம் வாசலில் அனுமதி உள்ளவர்கள் மட்டும் வரிசையில் போனார்கள். நானும் யோகண்ணனும் வெளியே நின்றோம். தூரத்தில் முட்கம்பி, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கூடாரங்கள், இந்தப் பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிடும் சனங்கள். ஒரே நேரத்தில் எத்தனையோ பெயர்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சில்லடியிலேயே இருந்தேன். திரும்பிப் போவதும் அதே சில்லில்தான். யோகண்ணன் ஒரு முறைதான் பேசினார்.

"கலா இருப்பாளா புள்ள?"

"தெரியா அண்ணன்."

வெயில் சாய்ந்தபோது ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். சீனித்தம்பி அண்ணர் முதலில் வந்தார். தம்பிக்காகக் கொண்டுபோன சாமானை அப்படியே திரும்பக் கொண்டுவந்தார். முன்வரிசையில் போய் இருந்தார். கடைசியாகப் பூமணி அக்கா வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து கையைப் பார்த்தேன். சட்டை இல்லை.

அவர் உடனே ஏறவில்லை. என் பக்கத்தில் குந்தி இருந்தார். என்னிடமிருந்து துணியை வாங்கி, நான் செய்ததைப் பார்த்திருந்தபடியே, எண்ணெய் தொட்டு, துடைத்து, திருநீற்றைத் தானே பூசினார். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

"கோடு வரல்லத்தானே?" என்றார்.

"வரல்ல அக்கா."

"சட்டை பெரிசாப் போச்சி புள்ள. அப்பிடி மெலிஞ்சிட்டாள்." எழும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு யோகண்ணனிடம் சொன்னார்: "தம்பி, அவள முகாமிலயிருந்து விடயக்குள்ளயும் உன்ர வேனிலதான் வந்து கூட்டிப் போவன். இந்தச் சில்லுகளுக்கு மறுகா ஒண்டும் பூசிராத. இப்பிடியே கிடக்கட்டும். இரும்பு தெரியட்டும்."

யோகண்ணன் தலையாட்டினார். இந்தத் தொழிலில் இருக்கும் நான், துரு பிடிக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு அந்தச் சுரண்டிய சில்லுகளைவிட நம்பத் தகுந்த எதுவும் எங்கள் யாரிடமும் இருக்கவில்லை.

முன்வரிசையில் சீனித்தம்பி அண்ணர் துவாய்த்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். வேன் புறப்பட்டது. நான் மறுபடியும் அதே மூலையில், அதே சில்லுக்கு மேலே இருந்தேன். இருட்டுவதற்குள் காட்டைக் கடக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன், ஊர்வரைக்கும்.